கொடைக்கானலுக்கு யார் நீர்க்கட்டி?

திருப்புலிவனம் ஏரியில் மடை திறக்கும் நாட்களில் பாஞ்சாலியக்காவிடம் யாரும் வம்பு வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஏரித் தண்ணீரை முறை வைத்துப் பிரித்துவிடும் நீர்க்கட்டி அவர்தான். எந்தக் கழனிக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர், யாருக்கு அடுத்து யார் முறை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அப்பா பார்த்த வேலை. அண்ணன் தம்பி இல்லாததால் இவர் கைக்கு வந்தது. அவருக்கென்று ஒரு சென்ட் கழனி கிடையாது. ஆனாலும் எவ்வளவு பெரிய பண்ணைக்காரர் முறை தவறிப் பாய்ச்சினாலும், மண்வெட்டியோடு போய் மடையை அடைத்துவிட்டுத்தான் பேசுவார்.

தொண்ணூற்றொன்பதில் அவர் கணவர், பள்ளிக்கூட வாட்ச்மேன் முனிரத்தினத்துக்கு, காஞ்சிபுரத்திலிருந்து ஓர் அட்டை வந்தது. பொருட்காட்சியில் எழுதிப் போட்ட கூப்பனுக்குப் பரிசு விழுந்திருக்கிறதாம். மனைவியோடு வர வேண்டும்; செக் புத்தகமும் வேண்டும். கூரையைப் பிரித்துத் தளம் போட்டு மெத்தை வீடு கட்ட அவர் கேட்டிருந்த பி.எஃப். கடன் அந்த வாரம்தான் பாங்கிக்கு வந்திருந்தது. அட்டை ஆங்கிலத்தில் இருந்ததால், படித்துச் சொல்ல, பக்கத்து வீட்டில் காலேஜ் படித்துக்கொண்டிருந்த என்னையும் கூட்டிப்போனார்கள்.

ஓட்டல் மாடியில் ஏசி அறை. மேசைக்கு ஒரு ஜோடி. யாராவது கையெழுத்துப் போட்டால் மணியடித்துக் கைதட்டினார்கள். டை கட்டிய இளைஞர் கொடைக்கானல் பங்களாவின் படங்களை விரித்தார். வருடத்தில் ஒரு வாரம், ஆயுள் முழுக்க, அது நம்முடையதாம்.

"இன்னிக்கே கையெழுத்துப் போட்டா பாதி விலை சார். நாளைக்குக் கிடையாது."

முனிரத்தினம் செக் புத்தகத்தை எடுத்துவிட்டார்.

"இருய்யா," என்றார் அக்கா. "நைனா, ஒரு பங்களாவுக்கு எத்தினி பேரு?"

"வாரத்துக்கு ஒருத்தர் மேடம்."

"எனுக்கு எந்த வாரம்?"

"உங்களுக்கு எப்போ வேணுமோ அப்போ."

"அல்லாரும் கோடை லீவுலதான் கேப்பாங்க. அப்போ யார் முறை?"

"முதல்ல போன் பண்றவங்களுக்கு."

"அப்போ முறையே கெடையாதுன்னு சொல்லு. அங்க நீர்க்கட்டி யாரு?"

இளைஞர் விழித்தார். "அதெல்லாம் கம்பெனி பாத்துக்கும் மேடம்."

அக்கா தாளை என் பக்கம் தள்ளினார். "இன்னா எய்திக்கீது, பாரு."

பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தேன். இடம் காலியாக இருந்தால் மட்டுமே தருவார்கள். போனாலும் போகாவிட்டாலும் வருடந்தோறும் பராமரிப்புப் பணம் கட்ட வேண்டும்.

"தண்ணியே வராத மடைக்கு வருசா வருசம் வரியா? கேட்டுக்கினியாய்யா?"

ஏரிக்கரைக்குப் பழகிய குரல் அது. பக்கத்து மேசை அம்மாள் பேனாவை மூடினார். எதிர் மேசைக்காரர், "எங்க தாள்லயும் அந்தப் பக்கத்தைக் காட்டுங்க," என்றார். மேலாளர் ஓடிவந்தார்.

"கொஞ்சம் மெதுவா பேசுங்க மேடம்."

"மெதுவா பேசிப் பயக்கம் இல்ல. பரிசக் குடு, போய்க்கினே இருக்கோம்."

"கையெழுத்துப் போட்டாத்தான் பரிசு..."

"அட்டையில அப்படி எய்திக்கீதா?" என்று என்னைக் கேட்டார். நான் இல்லையென்று தலையாட்டினேன். அக்கா நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டே நிமிடத்தில் ஒரு ஹாட்பாக்ஸ் வந்தது. நாங்கள் படியிறங்கியபோது பின்னாலேயே நான்கு ஜோடிகள் இறங்கினார்கள்.

பஸ் காஞ்சிபுரத்தைத் தாண்டியதும் முனிரத்தினம் கண்டக்டரிடம் ஆரம்பித்தார். "அங்க நீர்க்கட்டி யாருடான்னு கேட்டேன் பாரு, டை கட்டினவன் ஆடிப்பூட்டான்!" அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

தை மாதம் மெத்தை போட்ட அன்று கொத்தனாரிடமும் அதே கதைதான். தலையில் கலவைச் சட்டியோடு ஏணியடியில் நின்ற அக்கா கத்தினார்:

"கலவ காயுது! கதைய அப்பால சொல்லுய்யா!"