மாதம் ஓர் உறை

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். எழுதத் துணிந்ததைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஜொகூர் பாருவில் சிறை வார்டராக இருந்தபோது பழகிய ஒரு கைதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மொட்டைத் தலை, பெரிய காதுகள். தேங்காய் நார் அடித்து ஓயும் நேரமெல்லாம் அவர் விரல் தொடையில் ஆங்கில எழுத்துகளை எழுதிக்கொண்டிருக்கும். சிங்கப்பூரிலிருந்து தபாலில் அவருக்குப் பாடம் வரும். அவர் குடும்பம் இருந்த செடெனாக் ரப்பர் தோட்டத்துச் சனங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பீஸ் கட்டியிருந்தார்கள். ஆனால் கைதிக்கு மாதம் ஓர் உறைதான் வெளியே போகும். விடைத்தாளும் கடிதமாகவே கணக்கு.

அந்த மாதம் கடைசிப் பரீட்சை. மறுநாள் தபாலில் தாள் போகாவிட்டால் அத்தனை பீஸும் வீண். அன்று காலைதான், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மனைவி எழுதிய கடிதம் வந்திருந்தது. விடைத்தாள் ஒன்று, மனைவிக்குப் பதில் கடிதம் ஒன்று என இரண்டு உறைகளோடு அவர் என் மேசை முன் நின்றார்.

"எதுப்பா போகணும்? சீக்கிரம் சொல்லு, ஜெயில் தொரை வர்ற நேரம்."

"பரீட்சைத் தாளையே போடுங்கய்யா."

"புள்ளைக்கு முடியலைன்னு எழுதியிருக்காங்களே?"

"என் கடுதாசி என்ன கொயினா மருந்தா, காய்ச்சல் எறங்க? தாள் போகலைன்னா, காசு போட்டவங்க மூஞ்சியில அவ எப்படி முழிப்பா?"

சிரிக்கப் பார்த்தார். இரண்டு உறைகளையும் என் மேசையில் வைத்தார்.

கடிதத்தை என் சட்டைப் பையில் வைத்து வெளியே கொண்டுபோயிருக்கலாம். பிடிபட்டால் வேலை போய்விடும். வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. நான் தலையைக் குனிந்து விடைத்தாள் உறையில் முத்திரை குத்தினேன். அவர் என்னைப் பற்றி என்ன நினைத்தாரோ, இன்றும் தெரியவில்லை.

மறுநாள் தபால் பை சிங்கப்பூருக்குப் போனது. கடிதம் என் மேசையிலேயே கிடந்தது. அவர் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.