எஞ்சின் புதுசு, அக்சல் பழசு

தெல்தோட்டையில் தேயிலைக் கொழுந்து ஏற்றும், தேவைப்பட்டால் நாலு சக்கரமும் இழுக்கும் என் ஃபோர்வீல் லொறிக்குப் பெரிய எஞ்சின் பூட்டினேன். "அக்சல் பழசுண்ணே, இந்த இழுவைய தாங்காது. அதையும் மாத்திருங்க" என்றார் மெக்கானிக். திமிரில் நான் கேட்கவில்லை.

ஒரு மழை நாளில் முழுச் சுமையோடு மேடு ஏறினோம். "ஃபோர்வீல போடுண்ணே" என்றான் கூட வந்த என் தம்பி. "இந்த எஞ்சினுக்குப் பின் டயரே போதும்டா" என்று மிதித்தேன். எஞ்சினின் இழுவையைப் பின் சக்கரங்களுக்குக் கடத்தும் அக்சல் டக்கென்று முறிந்தது. பிரேக் பிடித்து நிறுத்தினேன். ஹாண்ட் பிரேக்கை நம்பாத எங்கள் மலைப் பழக்கப்படி கியரில் போட்டுவிட்டு இறங்கினேன். முறிந்த அக்சலில் கியர் எப்படிப் பிடிக்கும்? லொறி பின்னால் உருண்டது. டயருக்குக் கல் வைக்கக் குனிந்திருந்த தம்பியின் வலது கை நசுங்கியது.

அக்சலை மாற்றிவிட்டேன். ஹாண்ட் பிரேக் இழுக்காமல் இறங்குவதில்லை. கல்லையும் நானே வைக்கிறேன். தம்பி பார்த்துக்கொண்டு நிற்கிறான்.