மூன்று சிவப்பு அம்புகள்

என் அக்கா குறை கண்டுபிடிக்கிறவள். திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவளுடைய வேலையே அதுதான். சட்டை தைக்கிற தொழிற்சாலையில் கடைசி மேசை அவளுடையது. அதைத் தாண்டினால் அட்டைப்பெட்டி, அப்புறம் லாரி. ட்யூப்லைட்டுக்குக் கீழே நின்று, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, ஒவ்வொரு சட்டையையும் புரட்டிப் பார்ப்பாள். நூல் தொங்கினாலோ பொத்தான் ஆடினாலோ அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். பதினொரு வருடமாக இதே வேலை. தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவள் ‘ஸ்டிக்கர் அக்கா’.

ஸ்டிக்கர் சுருள் எப்போதும் கைப்பையில் இருக்கும். வீட்டுத் திரைச்சீலையில் ஒன்று ஒட்டியிருக்கிறாள், நான் துடைத்த ஜன்னலில் இரண்டு. எனக்கு வேலை கிடைத்த கடிதத்தில் தேதி விட்டுப்போயிருந்தது. வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால் அங்கேயும் ஒன்று ஒட்டினாள்.

அவளுக்கு எம்.பி.ஏ. படிக்க ஆசை. வேலைக்குப் போகிறவர்களுக்காகச் சனி, ஞாயிறு மட்டும் நடக்கிற படிப்பு. முதல் வருடம், புகைப்படத்தில் ஒரு காது தெரியவில்லை என்று விண்ணப்பத்தை அனுப்பவில்லை. இரண்டாம் வருடம் இரண்டு காதும் தெரிந்தன, கடைசித் தேதி போய்விட்டது. எல்லாம் சாக்கு. நமக்கெல்லாம் யார் இடம் தரப்போகிறார்கள் என்று அவளே தீர்ப்பு எழுதி வைத்திருந்தாள். மூன்றாம் வருடம் நான் ஒற்றைக்காலில் நின்றேன். அதை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும், அப்புறம் எந்த வருடமும் கிடையாது.

மேலதிகாரியிடமிருந்து ஒரு பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அக்கா மேனேஜரிடம் போனாள். அவர் தலையை நிமிர்த்தாமல், “நீயே எழுதிட்டு வாம்மா, நான் கையெழுத்துப் போடுறேன்” என்றார். நான்கு நாள் உட்கார்ந்து எழுதினாள். ஐந்தாம் நாள் அவர் கையெழுத்துப் போட்டார். என் கண்ணில் காட்டாமல் உறையை ஒட்டி அனுப்பிவிட்டாள்.

நான் மட்டும் படித்திருந்தால் அங்கேயே கிழித்துப் போட்டிருப்பேன். அவள் எழுதிப் பழகியதெல்லாம் பரிசோதனை அறிக்கை. அதில் நன்றாக இருப்பதை எழுத இடமே கிடையாது. குறையை எழுதவேண்டும், இல்லாவிட்டால் காலியாக விடவேண்டும். பரிந்துரைக் கடிதத்தையும் அப்படியே எழுதிவிட்டாள். கூட்டங்களில் வாய் திறக்க மாட்டார். முடிவெடுக்கத் தாமதம் ஆகும். தலைமைப் பண்பு தென்படவில்லை. கணக்கில் சுமார்.

நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. உள்ளே நடந்ததை அவள் சொன்னபடியே சொல்கிறேன். ஒன்றைக்கூடக் கூட்டிச் சொல்கிற ஆள் இல்லை அவள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். பேராசிரியர் அம்மா கடிதத்தைக் கையில் வைத்திருந்தார். “எனக்கு வர்ற லெட்டரெல்லாம் தங்கம், வைரம்னுதான் இருக்கும். இப்படி ஒண்ணு வந்ததே இல்ல. அதான் ஆளப் பார்க்கலாம்னு கூப்பிட்டோம்” என்று சொல்லி முதல் வரியைப் படித்தார். “கூட்டங்களில் வாய் திறக்க மாட்டார்.”

நான்கு நாள் தானே உட்கார்ந்து எழுதிய வரிதான். ஆனால் வேற்று ஆள் வாயிலிருந்து கேட்டதும் அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

“எந்தக் கூட்டம், மேடம்?” என்றாள். “எந்த இடம், எத்தனைன்னு சொல்லாம குறைன்னு எழுதக் கூடாது. போன வருஷம் நாலாயிரம் சட்டையில காலர் வேற நிறம். எல்லாரும் அனுப்பிடலாம்னாங்க. நான் பெட்டி மேல உட்கார்ந்துட்டேன். மேனேஜர் வந்து சொல்லியும் எந்திரிக்கல.”

“முடிவெடுக்கத் தாமதம்?”

“ஒரு சட்டைக்கு நாப்பது நொடி. போகலாமா கூடாதான்னு அதுக்குள்ள முடிவு பண்ணணும். ஒரு நாளைக்கு அறுநூறு தடவ பண்றேன்.”

“தலைமைப் பண்பு?”

“என் மேசையில எனக்குக் கீழ பன்னெண்டு பேர். அஞ்சு வருஷமா ஒருத்தர்கூட வேலைய விட்டுப் போகல. பக்கத்து மேசையில வருஷத்துக்கு மூணு தடவ ஆள் மாறுது.”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப உங்க மேனேஜர் தப்பா எழுதியிருக்காரா?”

“எழுதினவங்க சரியாப் பார்க்கல, மேடம்” என்றாள் அக்கா. அதோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் குறையைப் பார்த்துவிட்டு விட்டுவிட அவளால் ஆகாது. “எழுதினது நான்தான். அவரு கையெழுத்து மட்டும் போட்டாரு.”

பேராசிரியர் கடிதத்தை அவள் பக்கம் தள்ளி, “நீங்களே பாருங்க, எது தப்புன்னு” என்றார். அக்கா கைப்பையைத் திறந்து ஸ்டிக்கர் சுருளை எடுத்தாள். தான் எழுதிய வரிகளில் மூன்றுக்கு வரிசையாக அம்பு ஒட்டினாள். நான்காவதை விட்டுவிட்டாள்.

“கணக்கு?”

“அது உண்மைதான், மேடம்.”

இரண்டு நாளைக்குள் மேனேஜரே தன் கைப்பட எழுதிய கடிதம் வரவேண்டும், இல்லாவிட்டால் இடம் இல்லை என்று சொல்லி, பழைய கடிதத்தையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அக்கா, “எல்லாம் போச்சு” என்றாள்.

மறுநாள் அம்பு ஒட்டிய கடிதத்தை மேனேஜரிடம் நீட்டினாள். அவர் நின்றபடியே படித்தார்.

“இதுலயா நான் கையெழுத்துப் போட்டேன்?”

“ஆமா, சார்.”

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா.”

“நீங்க படிச்சிட்டுத்தான் போடுறீங்கன்னு நெனச்சேன், சார்.”

இதை அவள் வந்து சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது. அத்தனை நாளும், மேனேஜரும் தன்னைப் பற்றி அப்படித்தான் நினைக்கிறார் என்று நம்பிக்கொண்டு, வாய் திறக்காமல் அவர் முன்னால் வேலை பார்த்திருக்கிறாள்.

இடம் கிடைத்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கணக்குக்கு மட்டும் தனி வகுப்புக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஆனால் எனக்கு மறக்காதது, மேனேஜரைப் பார்த்த அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததுதான். மேனேஜர் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் எழுதிய கடிதத்தை, உறையை ஒட்டாமலே அவள் கையில் கொடுத்திருந்தார். இரண்டே வரி.

‘இவர் சரி என்று சொல்லாமல் ஒரு லாரியைக்கூட நான் அனுப்பியதில்லை. இவர் படிக்கப் போகும் சனிக்கிழமைகளில் என்ன செய்யப் போகிறேன் என்று தெரியவில்லை.’

அக்கா அதை விளக்குக்குக் கீழே வைத்துப் படித்தாள். பின்பக்கம் புரட்டிப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு அவள் கை பைக்குள் போனது. ஸ்டிக்கர்தான் எடுக்கிறாள் என்று நினைத்தேன். கைக்குட்டையை எடுத்தாள்.