மூன்று நிமிடப் பூட்டு

ஐம்பது வயதில் பூட்டுக்காரருக்குத் தன்னைத் தேடிப் போக வேண்டும் என்று தோன்றிவிட்டது. கடைக்கு வந்த ஒருவர், மலைமேல் நாலு நாள் தனியாக இருந்ததில் தான் யாரென்று தெரிந்துகொண்டதாகச் சொன்னதுதான் காரணம். ஊரார் தொலைத்த சாவிக்கெல்லாம் மாற்றுச் சாவி போட்டவன் என்னைக் கோட்டை விட்டேனே என்று அவருக்கு உறுத்தியது.

மனைவி பள்ளிக்கூட டீச்சர். “தாராளமா போங்க. முதல்ல எனக்கு ஒரு சாவி செஞ்சு குடுங்க” என்றாள். இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் கேட்கிறாள். வீட்டில் தொங்குவது அவரே செய்த பூட்டு. யாராலும் திறக்க முடியாது என்று தெருவெல்லாம் தம்பட்டம் அடித்திருந்தார். இன்னொரு சாவி செய்தால் அதற்கு என்ன மரியாதை? தினமும் சாயங்காலம் அவள் கடை வாசலில் வாடிக்கையாளர்களோடு நின்று சாவியை வாங்கிப் போவாள்.

“கிளம்பும்போது என்னோடதையே தர்றேன்” என்றார்.

தினமும் அவள் முன்னால் போக, கடைசியாகக் கிளம்புகிறவர் அவர். அன்று பஸ் ஆறு மணிக்கு. அவள் குளித்துக்கொண்டிருந்தாள். பையை மாட்டினார், கதவைச் சாத்தினார், பூட்டினார், வழக்கம்போல மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். கை பழகியதைச் செய்தது. தலை மலைக்குப் போய்விட்டிருந்தது.

பஸ்ஸில் கண்ணை மூடி, நான் யார் என்று கேட்டுக்கொண்டார். பதிலுக்கு முன் தூக்கம் வந்தது. எட்டு மணிக்குப் போனும் வந்தது.

“எங்க இருக்கீங்க?”

“ஜன்னலோரம். மனசு லேசா இருக்கு.”

“இருக்கும். வெளியில உங்க பூட்டு தொங்குது. ஒன்பதரைக்கு எனக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் இன்டர்வியூ.”

சட்டைப்பையைத் தொட்டார். சாவி இருந்தது. திரும்பிப் போக இரண்டு மணி நேரம் ஆகும். இன்டர்வியூ இன்றுதான் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருந்தார்.

வேறு வழியில்லை. எதிர்க்கடைப் பூட்டுக்காரருக்குப் போன் போட்டார்.

“யாராலயும் முடியாதுன்னு சொல்வீங்களேண்ணே?”

“எப்படியாவது திறந்து விடுப்பா. உனக்குப் புண்ணியமாப் போகும்.”

கால் மணியில் பதில் வந்தது. “ஆச்சுண்ணே. மூணு நிமிஷம். நடுவுல டீ வேற குடிச்சேன்.”

அப்பாடா என்றிருந்தது. வெட்கமாகவும் இருந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, ஒரு மணி நேரம் காத்திருந்து, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டார். மலையை அவர் பார்க்கவேயில்லை.

மத்தியானம் வீட்டுக்கு வந்தால், கதவில் புதுப்பூட்டு பதித்திருந்தது. தட்டினார்.

“யாரு?”

“நான்தான்.”

“நான்தான்னா?”

குரல் தெரியாமல் கேட்கிறவளா அவள்? பதில் சொல்லாமல் கதவு திறக்காது என்று புரிந்தது.

“உன்னை உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போனவன்.”

கதவு திறந்தது. இன்டர்வியூவுக்குக் கட்டிய புடவையோடு நின்றாள்.

“போனியா?” என்று கேட்டார்.

“நேரத்துக்குப் போயிட்டேன். வேலை எனக்குத்தான்.” ஒரு சாவியை நீட்டினாள். “எதிர்க்கடைக்காரர் புதுப்பூட்டுக்கு ரெண்டு சாவி குடுத்தார். இது உங்களுக்கு.”

வாங்கிக்கொண்டார். இருபத்திரண்டு வருடமாக அவர் செய்து தராத இரண்டாவது சாவி அது.