மோட்டார் சத்தம்

எங்கள் தெருவில் தண்ணீரை அதிகம் வீணாக்கிய வீடு எங்களுடையதுதான். ரெட்டியார்பாளையத்தில் அந்தச் சந்து முழுக்க, தினமும் காலையில் எங்கள் மாடித் தொட்டி வழிந்து வாய்க்காலாக ஓடும். எதிர்வீட்டு அக்கா வாசலுக்கு வந்து, "டேங்க் ரொம்பி எவ்ளோ நேரமாவுது, மோட்டார நிறுத்துங்க சார்!" என்று கத்துவாள். அப்பாவுக்குக் கேட்காது. அவர் கொல்லையில் மோட்டார் கொட்டகைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, அந்தப் பழைய மோட்டாரின் பக்கத்திலேயே நின்றிருப்பார். அது போடும் சத்தத்தில் இடி விழுந்தாலும் தெரியாது.

"ஏர் புடிச்சிக்கும் பாப்பா. கூடவே நின்னு பாத்துக்கணும்," என்பார். எட்டு வயதில் எனக்கு அது நியாயமாகவே பட்டது.

அந்த வருஷம்தான் அண்ணன் போனான். ப்ளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு, நோணாங்குப்பத்துக்கு அப்பால் கடலில் குளிக்கப் போன கூட்டத்தில் அவன் மட்டும் திரும்பி வரவில்லை. அன்றைக்குப் படுத்தவள்தான் அம்மா. சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடப்பாள். நான் ஒருத்தி இருப்பதே அவளுக்கு மறந்துவிட்டது என்று தோன்றும்.

அப்பா நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை காட்டும் வேலையில் இருந்தார். நூறு புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு ஒன்றும் வாங்காமல் எழுந்து போகிறவர்களையும் சிரித்த முகத்தோடு அனுப்பிவைக்க வேண்டும். அந்த முகத்தை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். விடிவதற்குள் எழுந்து சோறாக்குவார். அம்மாவை உட்காரவைத்து முகம் துடைத்துவிடுவார். அவளுடைய புடவைகளைத் துவைத்துத் தெருப்பக்கக் கொடியிலேயே கூச்சமில்லாமல் காயப்போடுவார். எனக்கு இரட்டை ஜடை பின்னி, ரிப்பனை ஜவுளிப் பொட்டலத்துக்கு முடிச்சுப் போடுகிற மாதிரி இறுக்கிக் கட்டுவார். ஒரு ஜடை மேலே நிற்கும், ஒன்று கீழே தொங்கும். பள்ளிக்கூடத்தில் என்னைத் தராசு என்று கூப்பிட்டார்கள்.

சொந்தக்காரர்களுக்கு அவர் போக்கு பிடிக்கவில்லை. பெற்ற பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தவன் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லையே, என்ன கல்மனசு என்று எங்கள் கூடத்திலேயே உட்கார்ந்து பேசினார்கள். அதைவிடக் கொடுமை, அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். ஒருநாள் அவர் சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனபோது கையைத் தட்டிவிட்டாள். "ஒங்களுக்கு ஒண்ணுமே தோணலியா?" என்று கேட்டாள். சோறு பாயெல்லாம் சிதறியது. அப்பா பருக்கைகளைப் பொறுக்கிக்கொண்டே, "ரெண்டு வாயாவது சாப்புடும்மா," என்றார். அதற்குப் பிறகு அம்மா அவரோடு பேசுவதை விட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கரண்ட் போயிற்று. நான் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பன்னை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தேன். ஃபேன் நின்றது. மோட்டார் நின்றது. மோட்டார் நின்ற பிறகும் கொல்லையில் ஒரு சத்தம் நிற்கவில்லை. விட்டுவிட்டு, மூச்சு வாங்கி வாங்கி, உரக்க வந்தது. அப்பாவின் குரல்தான். ஆனால் அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. எனக்குத் தெரிந்த அப்பா சிரிக்கிற அப்பாதானே.

"அம்மா, அப்பா சிரிக்கிறாரு," என்றேன். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அம்மா தலையைத் தூக்கினாள். அதற்குள் சத்தம் சட்டென்று அடங்கி, வெறும் இருமல் மட்டும் கேட்டது. அம்மா கையை ஊன்றி எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டே கொல்லைத் தகரக் கதவு வரை போய், தாழ்ப்பாளில் கைவைத்தாள். அப்படியே நின்றாள். கரண்ட் வந்தது. மோட்டார் மறுபடி அலறத் தொடங்கியது. அம்மா கதவைத் திறக்கவில்லை. திரும்பி வந்து, சீப்பை எடுத்து, என்னை முன்னால் இழுத்து உட்காரவைத்துத் தலை வாரினாள்.

"அப்பா எதுக்கும்மா சிரிச்சாரு?"

"என்னத்தையோ நெனச்சிக்கிட்டு சிரிக்கிறாரு. நீ போயி கேக்காத, சங்கடப்படுவாரு."

நானும் கேட்கவில்லை. அன்றிலிருந்து எதிர்வீட்டு அக்கா கத்தினால் அம்மாவே பதில் சொன்னாள்: "வழிஞ்சா வழியட்டும்க்கா." நான் சுவிட்சை அணைக்கப் போனால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவுக்கு நடமாட்டம் வந்ததே தவிர வீட்டுப் பொறுப்பு போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அப்பா அன்றைக்குச் சிரித்தார் என்பதையும் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது நினைத்தால் ஆத்திரம்தான் வருகிறது. நடுவில் இருந்தது ஒரு தகரக் கதவு. அவள் திறந்திருக்கலாம். அவர் வெளியே வந்திருக்கலாம். ஒரே ஒரு முறை சேர்ந்து அழுதிருந்தால், எங்கள் வீட்டில் அண்ணன் பெயரையாவது வாய்விட்டுச் சொல்ல முடிந்திருக்கும். அவள் தாங்கமாட்டாள் என்று அவர் மறைத்தார். தனக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்தால் அவர் தாங்கமாட்டார் என்று அவள் மறைத்தாள். ஆயுசு முழுக்க ஒருவரை ஒருவர் இப்படியே காப்பாற்றிக்கொண்டு, ஒரே கூரையின் கீழ் தனித்தனியாக நொந்துபோனார்கள். இத்தனை அன்பால் யாருக்கு என்ன லாபம்?

சில வருஷங்களுக்கு முன்பு பழைய மோட்டாரின் காயில் கருகிப் போய்விட்டது. போர் குழாய்க்குள்ளேயே இறக்குகிற புது மோட்டார் வந்தது. ஓடுவதே தெரியாது, துளி சத்தம் வராது என்று மெக்கானிக் பெருமையாகச் சொன்னார். அப்பா சிரித்த முகத்தோடு தலையாட்டினார். அதற்குப் பிறகு அவர் எங்கே போய் அழுதார் என்று எனக்குத் தெரியாது.

போன மாதம் அப்பாவும் போய்விட்டார். முகம் சிரித்த மாதிரியே இருக்கிறது என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பியதும் அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"மோட்டாரப் போடு பாப்பா."

"டேங்க் ரொம்பித்தான் இருக்கும்மா."

"இருந்தா என்னா, போடு."

போட்டேன். அம்மா மெல்ல நடந்து பழைய கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. முந்தானையை வாயில் வைத்து அழுத்தியிருந்தாள்.

"சத்தமே வரலியே பாப்பா," என்றாள்.

மாடியில் தண்ணீர் வழிய ஆரம்பித்திருந்தது. நான் சமையல்கட்டுக்குப் போய், ஜாரில் ஒன்றும் போடாமல் மிக்சியை ஓடவிட்டேன்.