பாட்டு வராத வேகம்

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, எடையைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னது தொண்ணூறுகளின் கடைசியில். ஆம்பூர்க்காரரிடம் பிரியாணியை விடச் சொல்வது லேசான பேச்சா? அதனால் நடையைப் பிடித்துக்கொண்டோம். "சும்மா உலாத்தினா பத்தாது. பேச வரணும், பாட வரக்கூடாது. அந்த வேகத்துல நடந்தாதான் கொழுப்பு கரையும்" என்றார் டாக்டர்.

சபைப் பாடகர் குழுவில் பாடுகிற மனுஷனிடம் போய் இதைச் சொல்லலாமா! விடியற்காலையில் பள்ளி மைதானத்தைச் சுற்றும்போது, நடுவில் ஒரு கீர்த்தனையை எடுத்துவிடுவார். மூச்சு வாங்காமல் சரணம் வரைக்கும் போனால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"பாட்டு வருதில்ல? அப்போ வேகம் பத்தல. கால எட்டிப் போடுங்க!"

"உன் வாய்க்கு மட்டும் மூச்சே வாங்காதாடீ?" என்று சிரித்தபடி எட்டிப் போடுவார்.

எடை இறங்கியது. அவர் வேலை பார்த்த தொழிற்சாலையில், தோல் கட்டுகளை நிறுக்கும் தராசில் ஏறி நின்று பார்த்துவிட்டு வந்து சொல்வார். அவருடைய பேண்டுகளைப் பிடித்துத் தைத்தே எனக்கு அலுத்துப்போனது. பக்கத்து வீட்டு பாய், "இன்னா சார், ஆளே பாதியாய்ட்டீங்க?" என்று கேட்டார். "எல்லாம் நான் விரட்டுற விரட்டு பாய்" என்றேன். அவ்வளவு பெருமை எனக்கு.

அப்புறம் ஒருநாள் சரணத்தில் பாட்டு நின்றது. கொஞ்ச நாளில் பல்லவியிலேயே நின்றது. டாக்டர் சொன்ன வேகம் வந்துவிட்டதென்று இருவரும் குஷியாகிவிட்டோம். கால்கள் முன்பைவிட மெதுவாகத்தான் போயின. அதை யார் பார்த்தது? பாட்டைத்தானே கவனித்துக்கொண்டிருந்தோம்.

ஒரு ஞாயிறு ஆராதனையில், நின்ற இடத்திலேயே பாட முடியாமல் அவர் உட்கார்ந்துவிட்டார். மறுநாளே கூட்டிக்கொண்டு ஓடினேன். வேலூர் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். நுரையீரலில் கட்டி, முற்றிவிட்டது என்றார்கள். நாங்கள் கொண்டாடிய எடைக்குறைவில் நடையின் பங்கு எவ்வளவோ, அந்தப் பாழாய்ப்போன கட்டியின் பங்கு எவ்வளவோ, யாருக்குத் தெரியும்?

வார்டில் ஒரு சாயங்காலம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்காக அந்தக் கீர்த்தனையைப் பாட வாயெடுத்தார். ஒரு வார்த்தைக்கு மேல் மூச்சு வரவில்லை.

"பாரு, பாட்டு வரல. படுத்துக்கினே எவ்ளோ வேகமா நடக்கிறேன்" என்றார்.

அவர் நெற்றி வேர்த்திருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டேன். இத்தனை நாளும் விரட்டிய வாயால், "மெதுவா நடங்க" என்றேன்.