ரெண்டு பேருமே நம்ம ஆளுங்கதான்

பதினோரு மணி இடைவேளையில் அரைக் கப் டீயை ஏ.சி. பக்கத்து மேசையில் குடித்துவிட்டு, போன் வந்ததுபோல் பாவனை செய்து எழுந்து, மீதி அரைக் கப்பை ஜன்னல் பக்கத்து மேசையில் குடிப்பார் புகழேந்தி சார். முதல் மேசை, வேதியியல் துறைத்தலைவர் சிங்காரவேலுவின் கோஷ்டி. இரண்டாவது, சிங்காரவேலுவைப் பிடிக்காதவர்களின் கோஷ்டி. கிருமாம்பாக்கத்திலிருந்து உள்ளே தள்ளி, கரும்பு வயல்களுக்கு நடுவே எழும்பிய அந்தத் தனியார் கல்லூரியில் மூன்றாவது மேசை கிடையாது.

புகழேந்தி இயற்பியல் உதவிப் பேராசிரியர். "ரெண்டு பேருமே நம்ம ஆளுங்கதாம்பா" என்பது அவருடைய கொள்கை. கல்லூரிப் பேருந்திலும் இடப்பக்கம் ஒரு கோஷ்டி, வலப்பக்கம் ஒரு கோஷ்டி என்பதால் பாகூரிலிருந்து பைக்கில் வருகிறார். கூட்டத்தில் ஓட்டெடுப்பு என்றால் கையைக் காது வரைதான் தூக்குவார். ஆதரவு என்றும் எடுத்துக்கொள்ளலாம், தலையைச் சொறிகிறார் என்றும் எடுத்துக்கொள்ளலாம். வீட்டிலும் இதே கதைதான். இட்லியா தோசையா என்று கேட்டால், "உனக்கு எது தோதோ" என்பார்.

"வாயத் தொறந்து ஒண்ணச் சொன்னா இன்னா கொறஞ்சா பூடுவ?" என்பார் மனைவி அம்சவள்ளி.

யாருக்கும் பொல்லாதவர் இல்லை என்பதாலேயே ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவுக்கு அவரைத் தலைவராக்கியிருந்தார் முதல்வர். அந்தக் குழு கூடியதே இல்லை. போன பிப்ரவரியில்தான் சுவேதா புகார் கொடுத்தார். வேதியியல் துறைக்கு ஆசிரியராகப் புதிதாக வந்த பெண். கிராமம் கிராமமாக ஸ்கூட்டியில் அலைந்து கிணற்றுத் தண்ணீர் பிடித்துவந்து அவர் எழுதிய கட்டுரையில், சிங்காரவேலு தன் பெயரை முதலில் சேர்த்து ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டார்.

அன்று சாயங்காலமே சிங்காரவேலு புகழேந்தியைத் தன் காரில் ஏற்றிக்கொண்டார். "புகழு, டிபார்ட்மென்ட்னா ஹெச்.ஓ.டி. பேரு முன்னாடி வரணும்பா. அது ஒரு மரியாத." மறுநாள் ஜன்னல் பக்கத்தில் முழுக் கப் டீயும் சமோசாவும் காத்திருந்தன. "சார், வுட்றாதீங்க. உங்களத்தான் நம்பிக்கினு இருக்கோம்." புகழேந்தி சமோசாவைப் பாதியிலேயே வைத்துவிட்டு, போன் வந்ததுபோல் எழுந்தார்.

விசாரணை நடந்தது. முதல்வர் ஒரு சமாதானம் சொன்னார்: "ரெண்டு பேரும் இருக்கட்டுமே. இங்கிலீஷ் அகரவரிசைப்படி போட்டுட்டா யாருக்கும் வருத்தமில்ல."

"அப்பவும் சார் பேருதான் சார் முன்னாடி வரும்" என்றார் சுவேதா. முதல்வர் தண்ணீர் குடித்தார்.

புகழேந்திக்கு விஷயம் எப்படியாவது முடிந்தால் போதும். துறைத்தலைவருக்கும் கட்டுரையில் பங்குண்டு என்று காட்டிவிட்டால் சமாதானத்துக்கு வழி பிறக்கும். உலகத்திலேயே சுலபமான கேள்வியாகத் தேடிப் பிடித்துக் கேட்டார்.

"சார், கடலோரத்து ஊர்ல தண்ணி உப்பா, மேக்கால ஊர்லயா?"

சிங்காரவேலு சிரித்தார். "இதெல்லாம் ஒரு கேள்வியாய்யா? கடலோரத்துலதான்."

கடலோரத்தைவிட மேற்கே உள்ள கிணறுகளில்தான் உப்பு அதிகம் என்பதுதான் அந்தக் கட்டுரையின் கண்டுபிடிப்பே. தலைப்பிலேயே இருந்தது.

"தலைப்பையாவது படிச்சிருக்கலாம் சார்" என்றார் சுவேதா.

முடிவு திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது. வெளியே வந்த புகழேந்தியின் கையை ஜன்னல் கோஷ்டி பிடித்துக் குலுக்கியது. "கமுக்கமா இருந்துக்கினு வச்சான் பாரு ஆப்பு" என்று ஏ.சி. கோஷ்டி பல்லைக் கடித்தது. நானும் படிக்கலப்பா என்று சொல்ல வாயெடுத்தவர், அப்படியே விழுங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்து கட்டுரையைப் படித்தார். வேதியியல் பாதி புரியவில்லை. ஆனால் மழைக்கு முன்னும் பின்னும் அந்தப் பெண் அதே கிணறுகளுக்கு மறுபடி மறுபடி போயிருக்கிறார் என்பது புரிந்தது. வந்த முடிவைத் தானே நம்பாமல், எல்லாவற்றையும் முதலிலிருந்து அளந்திருக்கிறார். அந்த இடத்தில் புகழேந்திக்கு என்னவோ போலாகிவிட்டது. தான் எதையாவது இப்படிச் செய்து எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டார். ராத்திரிக்கு என்ன வேண்டும் என்று அம்சவள்ளி கேட்டபோது, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் "தோசை" என்றார். அம்சவள்ளி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

திங்கட்கிழமை, கட்டுரைக்கு ஒரே பெயர்தான் என்று எழுதிக் கொடுத்தார். சுவேதாவின் பெயர்.

"நல்லா யோசிச்சீங்களா?" என்றார் முதல்வர்.

"யோசிச்சா பயமா இருக்குது சார். அதான் எழுதிட்டேன்."

கட்டுரை சுவேதாவின் பெயரில் வெளிவந்தது. கல்லூரி முழுவதற்கும் கால அட்டவணை போடுவது சிங்காரவேலு என்பதால், சனிக்கிழமைச் சிறப்பு வகுப்புகள் எல்லாம் இப்போது புகழேந்திக்கு. மே மாத வெயிலில் சுத்துக்கேணியில் நாட்டு நலப்பணித் திட்ட முகாமும் அவர் தலையில்தான் விழுந்தது. மாணவர்களோடு சேர்ந்து பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு வாய்க்கால் தூர்வாரினார். முதுகு பிடித்துக்கொண்டது.

கடைசி நாள் சிங்காரவேலு வெள்ளைச் சட்டையில் காரிலிருந்து இறங்கினார். சேறும் வியர்வையுமாக நின்ற ஒரு மாணவியிடமிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் போய் நின்றார்.

"எல்லாம் கொஞ்சம் பின்னால போங்கப்பா. ம், எடு போட்டோ."

மாணவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். வாய்க்காலுக்குள் நின்றிருந்த புகழேந்தி கரையேறி வந்தார். "ஒரு நிமிஷம் சார்" என்று சிங்காரவேலுவின் கையிலிருந்து மண்வெட்டியை மெதுவாக வாங்கி, அந்த மாணவியிடமே கொடுத்தார்.